எங்கள் வீட்டு இரண்டு வாக்குகள்

கொழும்பு கொட்டாஞ்சேனையில் எங்கள் பிளாட்டில் வியாழக்கிழமைதோறும் இளம் பிள்ளைகளுக்கான வேதாகம ஆராய்ச்சிக் கூட்டம் நடக்கும். நடத்துவது நான். ஜனாதிபதித் தேர்தலுக்கு இரண்டு நாள் இருக்கும்போது, வேறெதையும் யோசிக்காமல் ரோமர் பதின்மூன்றாம் அதிகாரத்தை எடுத்துவிட்டேன். ஆளுகிற அதிகாரம் கடவுளால் வந்தது, அதற்குக் கீழ்ப்படியுங்கள் என்று பவுல் எழுதும் பகுதி. நான் அதை எப்போதும் ஒரே மாதிரித்தான் விளக்குவேன்: மேலே இருப்பவர்களோடு ஒத்துப் போவோம், மற்றதைக் கடவுள் பார்ப்பார்.

முகத்துவாரத்திலிருந்து வரும் பிள்ளை ஒருத்தி கையை உயர்த்தினாள். நர்சிங் படிக்கிறாள். அவளுக்கு இதுதான் முதல் வாக்கு.

“அன்ட்டி, பவுலின்ட காலத்தில ரோமாபுரி ராயனை ஆரும் வோட்டுப் போட்டுக் கொண்டு வரேல்லத்தானே? இப்ப நாங்கள்தான் கொண்டு வாறம். அப்ப அந்த அதிகாரத்தில ஒரு துண்டு எங்கட கையிலயும் இருக்கு. அதுக்குக் கடவுளிட்ட நாங்களும் பதில் சொல்லோணும், என்ன?”

இது எனக்கு ஒருநாளும் தோன்றியதில்லை. எத்தனை முறை வாசித்த அதிகாரம்! மற்றப் பிள்ளைகளும் ஒரே நேரத்தில் கதைக்கத் தொடங்கினார்கள். அன்று முடிவு ஜெபம் சொல்லவே மறந்துபோனேன்.

கலியாணமான நாள் முதல் நான் என் கணவர் சொல்கிற சின்னத்துக்குத்தான் புள்ளடி போட்டு வந்தேன். அவரும் தன் தகப்பன் போட்ட கட்சிக்கே போடுபவர். அந்த இரண்டு நாளும் வேட்பாளர்களின் விஞ்ஞாபனங்களைத் தேடித் தேடி வாசித்தேன்.

சனிக்கிழமை காலை வாக்குச்சாவடியில் பென்சிலைக் கையில் எடுத்தேன். பயம் இல்லை, சந்தோஷம்தான். நானே தெரிவு செய்தவருக்குப் போட்டேன்.

வெளியே வந்ததும் கணவர் கேட்டார்: “நான் சொன்னதுக்குத்தானே போட்டனீர்?”

“இல்லை.”

“என்ன இல்லை? பிறகு ஆருக்குப் போட்டனீர்?”

“அதை உங்களுக்குச் சொல்ல மாட்டன்.” எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

சந்தி வந்ததும் அவர் பேக்கரிக்குள் போய் மீன் அடைத்த மாலுபாண் இரண்டு வாங்கி வந்து, ஒன்றை என்னிடம் நீட்டினார்.

“ஆருக்கு எண்டு சொல்ல வேண்டாம். ஏன் எண்டு மட்டும் சொல்லும்.”

நடந்துகொண்டே சொல்லத் தொடங்கினேன். வீட்டு வாசலுக்கு வந்த பிறகும் முடியவில்லை. இடையிடையே மறுத்துக் கதைத்தாலும், கடைசிவரை கேட்டுக்கொண்டு நின்றார்.