எஞ்சின் கொட்டகையில், குதிரைகள் ஊர்வலத்தில்

போன வெள்ளிக்கிழமை சாயங்காலம் மீனாட்சி மாமியின் மெஸ் எரிந்துபோனது. எனக்கு இன்னும் கோபம் அடங்கவில்லை. வழக்கமான அரட்டையை எதிர்பார்த்து இந்தப் பக்கத்தைப் புரட்டியவர்கள் மன்னிக்கவும்.

வங்காளத்தில், சாந்த்ராகாச்சி ரயில்வே யார்டுக்குப் பக்கத்தில் எங்கள் குடியிருப்பு. ஆபீஸ் உத்தியோகத்துக்கு வந்த தமிழ்க் குடும்பங்கள் கொஞ்சம், வங்காளிகள் கொஞ்சம். பாதி வீடுகளுக்கு வைக்கோல் கூரைதான். கல்யாணமாகாத குமாஸ்தாக்களுக்குத் தன் வீட்டிலேயே சோறு போட்டுப் பிழைக்கிறவர் மாமி. கணவர் இல்லை. அந்த அடுப்பை விட்டால் அவருக்கு வேறு கதி கிடையாது.

“ஆகுன்! ஆகுன்!” என்று பக்கத்து வீட்டு ஹரிபாபு அலறினார். வங்காள மொழியில் தீ என்று அர்த்தம். ஓடினேன். எங்களுக்கென்று ஒரு ஃபயர் எஞ்சின் உண்டு — இரண்டு குதிரைகள் இழுக்க, கையால் பம்ப் அடிக்கிற பழைய வண்டி. கொட்டகையைத் திறந்தால் எஞ்சின் இருக்கிறது. குதிரைகளைக் காணோம்!

எங்கே போயின? ஜானவாச ஊர்வலத்துக்கு! எங்கள் குடியிருப்புக் கமிட்டித் தலைவர் வீட்டுக் கல்யாணம். மாப்பிள்ளை உட்கார்ந்த சாரட்டை அந்த இரண்டும்தான் இழுத்துக்கொண்டிருந்தன. கழுத்தில் சாமந்தி மாலை வேறு... இங்கே எந்தக் கல்யாணத்துக்கும் இதுதான் வழக்கம். குதிரைகள் சும்மாத்தானே நிற்கின்றன?

நாங்களே தோள் கொடுத்து எஞ்சினைத் தள்ளினோம். சேற்றில் சக்கரம் புதைந்தது. போய்ச் சேர்வதற்குள் கூரை உள்ளே விழுந்துவிட்டது. அரிசி மூட்டையை இழுக்கப்போன மாமியின் வலது கை வெந்துபோயிருந்தது. தெருக்கோடியில் பேண்டு வாத்தியம் முழங்கிக்கொண்டிருந்தது.

ஞாயிற்றுக்கிழமை கமிட்டி கூடியது. மோட்டார் ஃபயர் எஞ்சின் வாங்கலாமா, வேண்டாமா? கிடர்பூர் கப்பல்துறைப் பக்கம் அப்படி ஒன்று ஓடுவதைப் பார்த்திருக்கிறேன். ஹாண்டிலைச் சுற்றினால் கிளம்பிவிடுகிறது. லாயமும் வேண்டாம், புல்லும் வேண்டாம்.

“நம்ம சின்ன இடத்துக்கு மோட்டார் எதுக்கு ஓய்?” என்றார் தலைவர். “எப்பவோ ஒரு தடவை பத்திக்கறதுக்கா?”

“அந்த ஒரு தடவை வண்டி போய்ச் சேரணுமே ஸார்!” என்றேன்.

“அதான் குதிரை இருக்கே.”

“வெள்ளிக்கிழமை எங்கே இருந்தது?”

அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். கல்யாண விஷயத்தை இப்படிச் சபையில் இழுப்பது அபசகுனம் என்று யாரோ முணுமுணுத்தார்கள். மாமியின் வீடு எரிந்தது அபசகுனமில்லையா?

மாமி வாசற்படியில் நின்றுகொண்டிருந்தார். கையில் கட்டு.

“மறுபடியும் வைக்கோல்தான் போடப்போறேன். ஓடு போட எனக்குத் திராணி இல்லை. இன்னொரு தடவை பத்திண்டா நான் எங்கே போவேன்? அதை மட்டும் சொல்லுங்கோ.”

தலைவர் கடிகாரத்தைப் பார்த்தார். வெந்த கையைப் பார்த்தும் மனசு இளகாதா? எனக்கு ரத்தம் கொதித்தது. எழுந்து கத்திவிட்டேன். என்ன கத்தினேன் என்பதைப் பத்திரிகையில் போட முடியாது.

அப்போது செயலாளர் தொண்டையைக் கனைத்தார். அவர் பெண்ணுக்குத் தை மாதம் கல்யாணம்.

“மோட்டார்னா... மேலே மாப்பிள்ளை உட்கார இடம் இருக்குமோ?”

தலைவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். “அட! சிவப்புப் பெயிண்ட், பித்தளை மணி... ஜானவாசத்துக்கு ஜோரா இருக்குமே!”

தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது. மாமியின் வெந்த கையால் முடியாததை, இன்னும் ஊருக்கே வந்து சேராத ஒரு மாப்பிள்ளை சாதித்துவிட்டான். நான் கை தூக்கினேனா என்கிறீர்களா? தூக்கினேன், பல்லைக் கடித்துக்கொண்டு. வேறென்ன செய்ய? எப்படியோ வண்டி வந்தால் சரி.

மாமி, உங்களுக்கு ஒரே ஒரு வேண்டுகோள் — தையில் முகூர்த்த நாட்களில் மட்டும் தயவுசெய்து அடுப்பு மூட்டாதீர்கள்!