சக்களத்தி ஒட்டிய முட்டை

தலிலியைப் பற்றிச் சொல்ல, மடகாஸ்கரின் இந்தத் தென்கரையில் என்னைவிடப் பொருத்தமானவள் கிடையாது. என் பேர் சம்பே. இருபத்திரண்டு வருடமாக அவள்மேல் வயிறெரிந்துகொண்டிருக்கிறேன். பெற்ற தாய்கூட அவளை இவ்வளவு கவனித்திருக்க மாட்டாள்.

அவள் வந்த அன்று என் கணவன் சிவேரி எனக்கு ஒரு பசுவைக் கொடுத்தான். இரண்டாவது கட்டிக்கொள்கிறவன், மூத்தவள் மனதைக் குளிரவைக்கக் கொடுக்கிற பசு. நல்ல கறவைதான். மனம்தான் குளிரவில்லை. தலிலிக்குப் பதினெட்டு வயது, லேசான மாறுகண், எப்போதும் சிரித்த முகம். "அக்கா, தண்ணிக்கு நான் போறேன், நீங்க உக்காருங்க" என்றாள். தண்ணீர் இரண்டு மணி நேர நடை. வாளியைப் பிடுங்கிக்கொண்டு நானே போனேன். கால் வலித்ததுதான் மிச்சம்.

எங்கள் மணல்மேட்டில் பலமாகக் காற்றடித்தால் வுரும்பட்ராவின் முட்டை ஓடுகள் வெளியே வரும். ஆளைவிட உயரமான, பறக்காத பறவை. முன்னோர் பார்த்தது, நாங்கள் பார்க்காதது. பெண்கள் ஓடுகளைப் பொறுக்கி, ஒட்டி, வந்துபோகிறவர்களுக்கு விற்போம். ஒட்டுவதில் என்னை மிஞ்ச ஆளில்லை. எந்த முட்டையின் துண்டானாலும் விளிம்பை உரசி உட்காரவைப்பேன். இடைவெளிக்கு மணலும் கோந்தும். இரண்டே நாளில், குடம் மாதிரி முழு முட்டை!

தலிலிக்கு ஒரு முட்டைக்கு ஒரு வருடம் ஆகும். ஒரே குழியில் கிடைத்ததை மட்டும்தான் ஒட்டுவாள். துண்டு கிடைக்காத இடத்தை ஓட்டையாகவே விட்டுவிடுவாள்.

"என்னடி இது, முட்டையா சல்லடையா?" என்று ஒருநாள் கேட்டேன்.

"இது ஒரு தாய் போட்டது அக்கா. வேற வீட்டுத் துண்டை நடுவுல சொருக மனசு வரல."

வேறு வீட்டுத் துண்டாம்! என் வீட்டில் வந்து செருகிக்கொண்டவள் பேசுகிற பேச்சா இது? சிவேரி அதைக் கேட்டுச் சிரித்தான். அவளைப் பார்த்துச் சிரித்தான். அதுதான் எனக்குத் தாங்கவில்லை. மறுநாள் அவள் தண்ணிக்குப் போனதும், அவள் பாயில் பரப்பியிருந்த ஓடுகளில் உள்ளங்கை அகலத் துண்டு ஒன்றை எடுத்தேன். ஓரத்தில் சிவப்புக் கறை இருந்தது. என் முட்டையின் வயிற்றில் ஒட்டிவிட்டேன். அவள் மூன்று நாள் மணலைச் சலித்துத் தேடினாள். கூடவே நானும் தேடினேன்.

அப்புறம்தான் தலைநகர மியூசியத்திலிருந்து ஹந்தா அம்மா வந்தார். அப்படி ஒரு பறவையே இல்லை, முட்டையெல்லாம் நாங்கள் மண்ணில் பிடித்தது என்று அங்கே சிலர் பேசுகிறார்களாம். அவர்கள் வாயை அடைக்க ஒரு முட்டை வேண்டும். கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்து, ஒட்டியவள் பேரையும் எழுதுவார்களாம். அந்தப் பேர் என் பேராகத்தான் இருக்க வேண்டும் என்று முடிவுகட்டினேன்.

என் முட்டையை ஏதோ கருவியால் அளந்தார், தட்டிப் பார்த்தார்.

"வேலை ரொம்ப சுத்தம்மா. ஆனா இதுல ஆறு முட்டை இருக்கு, மிச்சம் மணல். இதைக் கொண்டுபோனா, பறவை பொய்னு நானே சாட்சி சொன்ன மாதிரி ஆயிடும்."

தலிலியின் முட்டையை எடுத்ததும் அவர் முகம் மலர்ந்துவிட்டது. "இதுதான்! ஒரே முட்டை, ஓடு முழுக்க ஒரே கனம். இந்த ஒரு ஓட்டைதான் இடிக்குது. அந்தத் துண்டு கிடைக்கலையா?"

ஓட்டையைச் சுற்றிச் சிவப்புக் கறை. தலிலியின் பார்வை என் முட்டையின் வயிற்றுக்குப் போய் அங்கேயே நின்றது.

"காத்து அடிச்சிட்டுப் போயிருக்கும்மா. இங்க காத்து அப்படி" என்றாள்.

அவள் கத்தியிருந்தால் நானும் கத்தியிருப்பேன். அதில் நான் கெட்டிக்காரி. இவள் என்னைக் காப்பாற்றுகிறாளே! என்னை! தோற்றுத் தொலையலாம், இவள் தயவில் நிற்பதா? என் முட்டையைத் தூக்கி உரலில் மோதி உடைத்தேன். கறைத் துண்டைப் பொறுக்கி அவள் மடியில் எறிந்தேன்.

"காத்து இல்லடி, நான்தான் எடுத்தேன். இந்தா, பிடி!"

சிவேரி வாயைப் பிளந்தான். தலிலி துண்டை முந்தானையில் துடைத்து ஓட்டையில் வைத்தாள். சத்தமில்லாமல் உட்கார்ந்துகொண்டது.

ஹந்தா அம்மா நோட்டைத் திறந்து, யார் பேரை எழுதுவது என்று கேட்டார்.

"சம்பேன்னு முதல்ல எழுதுங்க. அதுக்கு அப்புறம் தலிலி" என்றாள் அவள். "மூத்தவங்க பேருதான் முன்னால வரணும்."

"என்னடி, குத்திக்காட்டுறியா?"

"இல்லக்கா. கடைசித் துண்டை நீங்கதானே குடுத்தீங்க."

இப்போது கண்ணாடிப் பெட்டியில் எங்கள் இருவர் பேரும் இருக்கிறதாம், என் பேர் மேலே, அவள் பேர் கீழே. ஊரே மெச்சுகிறது. அந்த மேலிடத்தையும் அவள்தான் எனக்குக் கொடுத்தாள். அதை மட்டும் என்னால் இன்றுவரை பொறுக்க முடியவில்லை.