கண்ணாடித் தொரை தோட்டத்துக்கு வந்த மூணு கடுதாசி

உருக்கின அரக்கு வாசம் தெரியுமா உங்களுக்கு? ஜொகூர்ல இருக்கிற எங்க பெக்கோக் போஸ்ட் ஆபீஸ் உள்ள நுழைஞ்சா மொதல்ல அதான் மூக்குல ஏறும். பின்னாடியே ரயில் ஸ்டேஷன்ல அடுக்கி வச்ச ரப்பர் ஷீட்டோட நாத்தம்...

எனக்குத் தொண்ணூத்திரண்டு வயசு. நான் சொல்றேன், பேத்தி டைப் பண்றா. தப்பு இருந்தா அவளைத் திட்டுங்க லா.

அது முப்பதுகளோட கடைசி. பதினெட்டு வயசுல காக்கிச் சட்டை, சைக்கிள், தபால்காரர் வேலை! ரப்பர் தோட்டத்துக் கூலி வீட்டு வரிசைல, லயத்துல பொறந்தவனுக்கு கவர்மெண்ட் வேலைன்னா சும்மாவா? நெஞ்ச நிமித்திக்கிட்டுத்தான் நடப்பேன்.

ஆனா வீட்டுல சந்தோஷம் இல்ல...

எங்க அஞ்சலை அக்காவோட புருஷன், என் மச்சான், அவங்கம்மாவுக்கு உடம்பு முடியலன்னு இந்தியாவுக்குக் கப்பல் ஏறி எட்டு மாசம். ஒரு கடுதாசி இல்ல. தோட்டத்துக்குக் கணக்கெழுதுற கிராணிகிட்ட அக்கா வாராவாரம் போய்க் கேப்பாங்க. 'வரலம்மா'ம்பார்.

லயத்துல வாய் சும்மா இருக்குமா? அங்க வேற ஒருத்தியக் கட்டிக்கிட்டான்னு பேச்சு. கங்காணி வேற வந்து நின்னார்.

"இது குடும்பக்காரங்களுக்குக் குடுக்கிற வீடும்மா. மாசக் கடைசிக்குள்ள புருஷன் வரலன்னா காலி பண்ணிரு."

அன்னைலருந்து அக்கா சரியா சாப்பிடல.

நான் வேலைல சேந்து மூணாம் நாள். எங்க போஸ்ட்மாஸ்டர் யாழ்ப்பாணத்துக்காரர். கோட்டு, டை, கண்டிப்புன்னா கண்டிப்பு.

"தம்பி, உந்த அலுமாரியை ஒருக்கா அடுக்கு. எல்லாம் விலாசம் விளங்காமல் மாதக்கணக்காய்ச் சேர்ந்த கடிதங்கள். திங்கக்கிழமை திருப்பி அனுப்பவேணும்."

தொறந்தேன். மேல இருந்த கவர்ல 'மொட்டைத் தொரை தோட்டம், பெக்கோக்'னு தமிழ்ல. அடுத்தது 'ஆத்தோரத் தோட்டம்'. சத்தமா சிரிச்சுட்டேன்!

விஷயம் என்னன்னா... வெள்ளைக்காரன் வச்ச பேரு எங்க ஆளுங்க வாயில நுழையாது. அதனால ஒவ்வொரு தோட்டத்துக்கும் நாங்களா ஒரு பேரு வச்சிருந்தோம். கிராணி இங்கிலீஷ்ல அட்ரஸ் எழுதிக் குடுத்திருந்தா கடுதாசி வந்துரும். இல்லன்னா ஊர்லருந்து தமிழ்ப் பேர்ல வரும். போஸ்ட்மாஸ்டர் தமிழ் படிப்பார். ஆனா லயத்துப் பேரு அவருக்கு எங்க தெரியும்? அவரோட ரெஜிஸ்டர்ல அப்படி ஒரு தோட்டமே கிடையாது.

சிரிச்சிட்டே பொரட்டினேன். திடீர்னு கை நின்னுச்சு.

'அஞ்சலைக்கு. கண்ணாடித் தொரை தோட்டம், பெக்கோக், ஜொகூர்.'

ஒண்ணு இல்ல, மூணு! எங்க தோட்டம்தான். கண்ணாடி போட்ட அந்தத் தொரை நான் பொறக்கறதுக்கு முன்னாடியே சீமைக்குப் போயிட்டார். பேரு மட்டும் போகல.

"ஐயா... இது எங்கக்காவுக்கு வந்தது."

"இந்த விலாசம் சரியெண்டு எப்பிடி நிச்சயமாச் சொல்லுவாய்?"

"நான் பொறந்ததே அங்கதான்ங்கய்யா."

கண்ணாடியைக் கழட்டித் தொடைச்சார். மூணு கவரையும் திருப்பித் திருப்பிப் பாத்தார்.

"பையில போடாதை. இப்பவே நீயே கொண்டுபோய்க் குடு."

ஏழு கட்டை, அதாவது ஏழு மைலு, செம்மண் சடக்கு ரோடு. சைக்கிள மிதிச்ச மிதியில செயின் ரெண்டு தடவை கழண்டுச்சு. அக்கா ரப்பர் பால் நிறுக்கிற ஸ்டோர்ல வாளியோட வரிசைல நின்னாங்க. அங்கயே எல்லார் முன்னாடியும் பிரிச்சுப் படிச்சேன். மூணாவது கடுதாசிதான் கடைசியா வந்தது.

'அம்மா போய்ச் சேந்துட்டாங்க. முன்ன எழுதின ரெண்டுக்கும் பதில் இல்ல. நான் வேணாம்னு நெனச்சிட்டியா? நீ ஒரு வரி எழுதினாத்தான் கப்பல் ஏறுவேன்.'

அக்கா கை முழுக்க ரப்பர் பால். முழங்கையால கண்ணத் தொடைச்சிக்கிட்டாங்க.

"எழுதுடா. வீடு இருக்கு, நான் இருக்கேன், கெளம்பி வரச் சொல்லு."

அந்தப் பதில் கடுதாசிக்கு ஸ்டாம்ப் மேல தபால் முத்திரைச் சாப்பு குத்தினது நான்தான். மேசையே அதிர்ந்துச்சு!

வீடு? கங்காணி மிரட்டினதச் சொன்னேன், போஸ்ட்மாஸ்டரே வந்தார். ஞாயித்துக்கிழமை கோட்டு டையோட சைக்கிள்ல அப்ப இருந்த தொரையோட பங்களாவுக்குப் போய், கவர்ல இருந்த தேதியெல்லாம் காட்டி இங்கிலீஷ்ல பேசினார். தன்னோட தோட்டத்துக்கு இன்னொருத்தர் கண்ணாடியால பேருன்னு தொரைக்கு அன்னைக்குத்தான் தெரியும். சிரிச்சுட்டு, வீடு அவளுக்கேன்னு சொல்லிட்டார். கங்காணி மூஞ்சியப் பாக்கணுமே!

திரும்பி வந்து நானும் அவரும் ஒரு பெரிய அட்டைல எழுதினோம். இந்தப் பக்கம் எங்க பேரு, அந்தப் பக்கம் இங்கிலீஷ் பேரு. திங்கக்கிழமை அலுமாரி காலி. ஒரு கடுதாசி கூட திரும்பிப் போகல. ஒவ்வொரு லயத்துலயும் நான் பேரு கூப்பிடக் கூப்பிட ஜனங்க ஓடி வந்தாங்க... அந்த மாதிரி ஒரு நாள் என் சர்வீஸ்ல மறுபடி வரல.

மூணு மாசம் கழிச்சு மச்சான் பெக்கோக் ஸ்டேஷன்ல தகரப் பொட்டியோட எறங்கினார். அக்கா அவர்கிட்ட பேசறதுக்கு முன்னாடி ஒரு குத்து விட்டாங்க. அப்புறம்தான் அழுகை.

இப்ப சிங்கப்பூர்ல இருக்கிற பேரன் ரெண்டு நிமிஷம் பதில் போடலன்னாலே எனக்குக் கோவம் வருது. நல்ல வசதிதான், குறை சொல்லல. ஆனா ஒரு கடுதாசி வந்ததுக்கு லயமே ஓடி வந்தத நான் பாத்திருக்கேன்...

மச்சான் கண்ண மூடற வரைக்கும், தான் கப்பல்ல வந்ததாத்தான் எல்லார்கிட்டயும் சொல்லிட்டு இருந்தார்.

அலமாக்... அவரக் கொண்டாந்தது நான் லா!