தரிசுக்கு மேலே நின்ற வெளிச்சம்

மூன்று மாலைகளில் சேர்த்து என் ட்ரோன் வானத்தில் நின்றது முப்பத்தொரு நிமிடம். அந்த முப்பத்தொரு நிமிடம் கூடலூருக்கும் கம்பத்துக்கும் நடுவில் என்னென்னவாக ஆனது என்பதை அப்போதே ஒரு நோட்டில் எழுதி வைத்தேன். பறக்கும் தட்டு. ராணுவம் விட்ட பலூன். மலையைக் குடைய வந்தவர்கள் நிலம் அளக்கிற விளக்கு. டவர் இல்லாமலே போன் வேலை செய்வதற்காக மேலே நிறுத்திய ஏதோ ஒன்று. இறந்துபோன ஒருவரின் ஆவி என்றும் ஒருவர் சொன்னார். அதை மட்டும் எல்லோரும் சேர்ந்து மறுத்துவிட்டார்கள். ட்ரோன் என்று சொன்னவர்கள் இரண்டு பேர். அவர்களைப் பேசவே விடவில்லை.

அது ட்ரோனாக இருக்க முடியாது என்பதற்கு ஊர் வைத்திருந்த காரணங்கள் நியாயமானவை. ஒன்று, இந்தப் பக்கம் ட்ரோன் வைத்திருப்பது நான் ஒருத்திதான். இரண்டு, அது பழுதாகி மதுரைக்குப் போயிருக்கிறது, மாதக் கடைசியில்தான் வரும் என்று நானே எல்லோரிடமும் சொல்லியிருந்தேன். மூன்று, ட்ரோன் என்றால் இரைச்சல் கேட்கும். இது சத்தமே இல்லாமல் நின்றது.

இரண்டாவது என் பொய். வைகாசியில் ஒரு தென்னை மட்டையில் மோதி ட்ரோனின் கை ஒன்று முறிந்தது. புதுக் கை மாட்டி, சொன்னதற்கு முன்னாலேயே திருப்பித் தந்துவிட்டார்கள். வேலைக்கு இறக்குவதற்கு முன் மூன்று நாள், நாளுக்குப் பத்து நிமிடம், தொட்டியில் பாதித் தண்ணீரோடு ஒரே இடத்தில் நிறுத்திப் பார்க்கச் சொன்னார் மெக்கானிக். வந்துவிட்டது என்று தெரிந்தால் விடிவதற்குள் போன் வரும். முதல் போக நடவு முடிந்து எல்லோரும் மருந்தடிக்க அவசரப்படுகிற நேரம். அதனால் சொல்லவில்லை.

ஆனி மாதம் குமுளிப் பக்கமிருந்து இறங்குகிற காற்று காலை ஒன்பதுக்குப் பிடித்தால் பொழுது சாயும்வரை விடாது. இருட்டத் தொடங்கும்போது அரை மணி நேரம் கொஞ்சம் தணியும். சூரியன் மறைந்த பிறகு பறக்க விடக்கூடாது என்று எனக்குப் பயிற்சியில் சொல்லித் தந்திருந்தார்கள். தெரிந்தே அதை மீறினேன். எங்கள் தரிசில் லோடு ஆட்டோவை நிறுத்தி, பறக்கவிட்டு, இறக்கி, தார்ப்பாய் போட்டு மூடி வீட்டுக்குக் கொண்டுவந்தேன். சாரலில் அதன் முன்விளக்கு ஒரு தாம்பாளம் அளவுக்குத் தெரிந்திருக்க வேண்டும். திரும்பி வா என்ற பட்டனை அழுத்தினால் அது முதலில் செங்குத்தாக ஏறும், பிறகு கோடு போட்டதுபோல நேராக ஓடும், பிறகு இறங்கும். தூரத்திலிருந்து பார்த்தவர்கள் சொன்னதும் அதேதான்: நின்னுச்சு, விருட்டுன்னு ஏறுச்சு, நேரா ஓடி மறைஞ்சுபோச்சு. இரைச்சலைக் காற்று கிழக்கே கொண்டுபோய்விட்டது. பார்த்தவர்கள் எல்லோரும் மேற்கே, மலையடிவாரத் தோட்டக்காரர்கள்.

அப்போதே சொல்லியிருக்கலாம். ட்ரோன் எங்கள் மகளிர் குழுவுக்கு அரசுத் திட்டத்தில் வந்தது. குழுவில் ஏழு பேர். யாராவது புகார் எழுதினால் என் சான்றிதழ் போகும், ட்ரோனும் போகும். பேச்சு தானாக ஓயும் என்று காத்திருந்தேன். ஓயவில்லை.

மலையடிவாரத் தோட்டக்காரர்களில் ஒருவர் என் மாமா, அம்மாவின் தம்பி. இரண்டு ஏக்கர் பன்னீர் திராட்சை. வானத்து வெளிச்சம் அவருக்குப் புதிதில்லை. இளவட்டமாக ஆண்டிபட்டியில் சொந்தக்காரர் வீட்டில் தங்கியிருந்தபோது, வைகை அணைக்கு சைக்கிளில் போன ஒரு சாயங்காலம், தண்ணீருக்கு மேலே தட்டு வடிவத்தில் ஒன்று நிற்பதைப் பார்த்தாராம். மறுநாள் அணை ஆபீசில் போய்க் கேட்டதற்கு, இங்கே ஒன்றும் நடக்கவில்லை, போ என்று விரட்டிவிட்டார்களாம். ஊருக்கு வந்து சொன்னார். அன்றிலிருந்து டீக்கடையில் அவர் பெயர் தட்டு. இன்னைக்குத் தட்டு எத்தனை மணிக்கு இறங்குது மாப்ள என்று கேட்காமல் அவருக்கு யாரும் டீ வாங்கித் தந்ததில்லை. முப்பது வருடமாக அதைக் குடித்துக்கொண்டிருக்கிறார்.

என் முதல் பறத்தலுக்கு மறுநாள், கேலி செய்தவர்களே அவர் வீடு தேடி வந்து விவரம் கேட்டார்கள். மாமா நிதானமாகச் சொன்னார். வேற்றுக்கிரகமெல்லாம் கிடையாது, அது போனில் படம் பார்க்கிற பிள்ளைகள் பேச்சு. வைகை அணையில் வந்தது அரசாங்கம், இங்கே வந்ததும் அரசாங்கம். மலையில் ஏதோ வரப்போகிறது. முதலில் சத்தமில்லாமல் அளப்பார்கள், பிறகு ஒரு நாள் சுவரில் நோட்டீஸ் ஒட்டுவார்கள்.

பத்துப் பேர் சேர்ந்து தாலுகா ஆபீசுக்கு மனுக் கொண்டுபோனார்கள். அங்கிருந்த அதிகாரி மரியாதையாக உட்காரவைத்து, சர்வேயரைக் கூப்பிட்டுக் கேட்டு, பதிவேட்டையும் பார்த்துவிட்டு, அப்படி நிலம் அளக்க எந்த உத்தரவும் இல்லை என்றார். மாமா திருப்தியாகத் திரும்பி வந்தார்.

"இல்லைன்னு சொல்லிட்டாக. இருந்தா ஆமான்னா சொல்லுவாக?"

அவர் வீட்டில் காப்பியைக் கையில் வைத்துக்கொண்டு நான் இதைக் கேட்டேன். எனக்குச் சிரிப்பு வந்தது. அப்போது அடுப்படியிலிருந்து அத்தை, மாமாவின் மனைவி, மாமா தோட்டத்தை விற்கப் போவதாகச் சொன்னார்.

குமுளியில் லாட்ஜ் வைத்திருக்கும் ஒருவர் இரண்டு வருடமாக அந்தத் தோட்டத்தைக் கேட்டுக்கொண்டிருந்தார். தங்க வருகிறவர்களுக்குப் பந்தலைக் காட்டலாம் என்று அவருக்கு ஒரு எண்ணம். மாமா மறுத்தே வந்தார். இப்போது அவரே போன் போட்டுக் கூப்பிட்டிருக்கிறார். அரசாங்கம் எடுத்தால் கொடுத்ததை வாங்கிக்கொள்ள வேண்டும், அதற்கு முன்னால் கைமாற்றிவிட்டால் நிம்மதி என்பது அவர் கணக்கு. ஆடி பிறக்க ஒன்பது நாள் இருந்தது. ஆடியில் இங்கே யாரும் பத்திரம் எழுத மாட்டார்கள். அதனால் ஆனி முடிவதற்குள், வரும் வெள்ளிக்கிழமை என்று முடிவாகியிருந்தது.

அத்தை அழவில்லை. இருபத்திரண்டு வருடமாக அந்தப் பந்தலுக்கு அடியில் கையைத் தூக்கித் தூக்கி வலது தோள் சரியாக ஏறாது. சட்டியைக் கவிழ்த்துக் கழுவிக்கொண்டே கேட்டார்.

"வித்துப்புட்டா நான் காலையில எந்திரிச்சு எங்கன போக?"

மறுநாள் காலை தோட்டத்துக்குப் போனேன். மாமா வாய்க்காலில் மண் தள்ளிக்கொண்டிருந்தார். சுற்றி வளைக்காமல் சொல்லிவிட்டேன்: அந்த வெளிச்சம் என் ட்ரோன், வந்துவிட்டது என்பதை மறைத்தேன். போனைத் திறந்து மூன்று நாளின் பதிவையும் காட்டினேன். தேதி, நேரம், உயரம், தரிசின் வரைபடம், அதன்மேல் பச்சைக் கோடு. அவர் கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு மூன்றையும் பொறுமையாகப் பார்த்தார். பிறகு போனைத் திருப்பித் தந்தார்.

"உனக்கு டிரெயினிங் யாரு குடுத்தா?"

"கவர்மெண்டு மாமா."

"மிசினு?"

"அதுவும்தான்."

"அப்ப நீ இப்படித்தான் சொல்லணும். ஒன்னைக் குத்தம் சொல்லல ஆத்தா. சொல்லச் சொல்லியிருப்பாக, நீயும் என்ன செய்வ?"

யாரும் சொல்லச் சொல்லவில்லை என்றேன். அவர் தலையாட்டினார். நான் மாட்டிக்கொண்டேன் என்று அவர் நிஜமாகவே வருத்தப்பட்டது முகத்தில் தெரிந்தது. கோபப்பட்டிருந்தால் பதில் சொல்லியிருப்பேன். சோர்ந்துபோய் வரப்பில் உட்கார்ந்தேன். கடைசிப் பறிப்பில் எனக்கென்று எடுத்து வைத்திருந்த ஒரு திராட்சைக் கொத்தை அவர் துண்டில் சுற்றித் தந்தார்.

பறக்கவிட்டுக் காட்டு என்று சொன்னது அத்தை. மூன்று நாளும் செய்ததை அதே நேரத்தில் மறுபடி செய். நான் அவரைத் தோட்டத்திலேயே நிறுத்தி வைக்கிறேன், பார்க்கட்டும் என்றார். புதன்கிழமை சாயங்காலம் தரிசுக்குப் போனேன். தொட்டியில் அதே அளவு தண்ணீர், அதே உயரம். நாற்பது மீட்டரில் நிறுத்திவிட்டு மாமாவுக்குப் போன் போட்டேன். ஸ்பீக்கரில் காற்றுதான் முதலில் கேட்டது.

தெரியுதா மாமா என்றேன். தெரியுது என்றார். இரைச்சல் கேட்கிறதா என்றேன். இல்லை என்றார். இப்போது மேலே ஏறும் பாருங்கள் என்று சொல்லி ஏற்றினேன். இப்போது ஓடும் என்று ஓட்டினேன். பக்கத்தில் அத்தை, இதானே, இதானே அன்னைக்கும் என்று கேட்டுக்கொண்டிருந்தது எனக்குக் கேட்டது. கடைசியில் மாமா பேசினார்.

"இதே மாதிரிதான் இருந்துச்சு. ஆனா இது இல்ல."

ட்ரோன் இறங்கியது. சக்கரத்துக்குக் கல் வைத்து நிறுத்தியிருந்த ஆட்டோவில் அதை ஏற்றி, கைகளை மடக்கி, பேட்டரியைக் கழற்றினேன். இனி என்ன செய்வது என்று யோசிக்கக்கூட அலுப்பாக இருந்தது.

நான் கணக்கில் எடுக்காத ஒன்று, அந்த வேளையில் பார்க்க மாமா மட்டும் இல்லை என்பது. வியாழக்கிழமை விடிவதற்குள் ஊரின் வாட்ஸ்அப் குழுவில் நாலாவது வெளிச்சத்தின் வீடியோ வந்துவிட்டது. டீக்கடைச் சந்தில் நின்று யாரோ எடுத்தது. கை நடுங்கி, வெளிச்சம் இன்னும் பெரிதாக, இன்னும் வேகமாகத் தெரிந்தது. கூடலூரிலிருந்து குமுளி போகும் ஜீப்புக்காரர்கள் வழியாக அது மலையேறியது. மத்தியானம் லாட்ஜ்காரர் மாமாவுக்குப் போன் செய்தார். பாதி மலையாளமும் பாதித் தமிழுமாக, இடத்தைச் சுற்றி ஏதோ சர்வே நடப்பதாகக் கேள்விப்பட்டேன், கொறச்சு நாள் கழியட்டே என்றார். கொஞ்ச நாள் போகட்டும் என்று அர்த்தம். வெள்ளிக்கிழமைக்கு எழுதி வைத்திருந்த பத்திரம் அப்படியே நின்றது.

மாமா இதற்கும் ஒரு விளக்கம் வைத்திருந்தார். இரண்டு வருடம் பின்னாலேயே அலைந்த மனிதர் ஒரே நாளில் வேண்டாம் என்கிறார் என்றால், அவருக்கு மேலிடத்துத் தகவல் கிடைத்திருக்கிறது. முன்பு சந்தேகமாக இருந்தது அவருக்கு இப்போது உறுதியாகிவிட்டது. திண்டாட்டமாக முற்றத்தில் நடந்துகொண்டே இருந்தார். விற்கவும் ஆளில்லை, வைத்துக்கொள்ளவும் மனமில்லை.

அத்தைதான் முடித்தார். மாமாவை நிறுத்தவில்லை, எதிர்த்துப் பேசவும் இல்லை.

"எடுக்கிறவக வரும்போது வரட்டும். அதுவரைக்கும் பந்தலைச் சும்மா போடவா? நாளைக்குக் கவாத்துக்கு ஆள் சொல்லியிருக்கேன்."

கவாத்து வெட்டினால் கொடி மறுபடி தழைத்து, பூத்து, காய்த்துப் பறிக்க நாலு மாதம் ஆகும். காயோடு நிற்கும் தோட்டத்தை யாரும் கைமாற்ற மாட்டார்கள். மாமாவுக்கும் இது தெரியும். உள்ளே போய்க் கத்தரியை எடுத்து எண்ணெய் விட்டார்.

அன்று பின்னேரம் அத்தை எங்கள் வீட்டுக்கு வந்தார். வழக்கமாக அம்மாவோடு பேசிவிட்டுப் போகிறவர், நேராக என் மேசைக்கு வந்து நின்றார். ஊருக்குச் சொல்லிவிடப் போகிறாயா என்று கேட்டார். மகளிர் குழுவில் சொல்லி, தாலுகா ஆபீசுக்கும் ஒரு கடிதம் எழுதலாம் என்று இருந்தேன். பாதி எழுதியும் வைத்திருந்தேன். அதைச் சொன்னேன்.

"சொன்னா அந்தக் குமுளிக்காரரு பறிப்பு முடிஞ்சதும் திரும்பி வருவாரு. இவரும் சரின்னுருவாரு."

உண்மைதான். பயம் மாமாவுக்கு என்னவானாலும் போகாது. வாங்க வந்தவருக்கு மட்டும் போய்விடும். இந்தச் சில நாளில் நான் செய்த எல்லாவற்றையும் மனதில் ஓட்டிப் பார்த்தேன். உண்மையைச் சொன்னது ஒன்றையும் மாற்றவில்லை. ஊர் தவறாகப் புரிந்துகொண்டதுதான் தோட்டத்தைக் காப்பாற்றியிருந்தது. படித்த படிப்புக்கு இது ஒத்துவரவில்லை. கடிதத்தை மூடி வைத்தேன். எழுத மாட்டேன் என்று சொல்லவில்லை. அத்தை அதைக் கேட்கவும் இல்லை. அம்மா கொடுத்த காப்பியைக் குடித்துவிட்டுப் போனார்.

வெள்ளிக்கிழமை, பத்திரம் எழுத வேண்டிய காலையில், தோட்டத்தில் கவாத்து நடந்தது. ஆறு பெண்கள், மாமா, அத்தை. ட்ரோனுக்கு அங்கே வேலை இல்லை. வெட்டி விழுந்த கொடிகளை இழுத்து வரப்பில் சேர்க்க நான் போனேன். அத்தை இடது கையால் வெட்டிக்கொண்டிருந்தார். வலது கையை இடுப்பில் ஊன்றியிருந்தார்.

வேலைக்கு வந்த அக்கா ஒருத்தி பேச்சை வானத்துக்குக் கொண்டுபோனார். நாலு நாளும் வந்ததாமே என்றார். இன்னொருவர், இல்லை ஐந்து நாள் என்றார். பிறகு முதலாமவர் என்னைப் பார்த்தார்.

"நீதான் மிசினு படிச்ச புள்ளையாச்சே. நீ சொல்லு, என்னதான் அது?"

அத்தையின் கத்தரி நின்றது. மாமாவும் திரும்பினார். அவர் முகத்தில் எதிர்பார்ப்பு இல்லை, எனக்கான பரிதாபம்தான் இருந்தது.

"மலையில மேகம் இறங்குனா என்னென்னமோ தெரியும்க்கா" என்றேன்.

நம்பினார்களா இல்லையா தெரியவில்லை. ஒருத்தி சிரித்தாள். கத்தரிகள் மறுபடி ஓடத் தொடங்கின. வெட்டிய நுனிகளிலிருந்து சாறு சொட்டி என் சட்டையின் தோளில் விழுந்தது. மத்தியானத்துக்குள் மூன்று வரிசை மொட்டையாகிவிட்டது.