ஒரே குப்பியில் இரண்டு உயிர்

அறுபதுகளின் தொடக்கத்தில், ஜூன் மாத மழை விடாமல் கொட்டிக்கொண்டிருந்த ஒரு வாரத்தில் கொச்சி மட்டாஞ்சேரியில் நடந்தது இது. திண்டுக்கல்லிலிருந்து நாங்கள் அங்கே குடிவந்து நான்கு மாதம்கூட ஆகவில்லை. என் கணவருக்குத் தேயிலைக் கிடங்கு ஒன்றில் குமாஸ்தா வேலை. எனக்கு மலையாளம் கேட்டால் பாதி புரியும், பேச வராது.

கணவருக்கு இருபத்தெட்டு வயதிலேயே சர்க்கரை வியாதி. தினமும் காலையில் இன்சுலின் போட்டாக வேண்டும். ஊசியைக் கொதிக்கவைத்து, மருந்தை அளந்து ஏற்றிப் போட்டுவிடுவது என் வேலை. ஒருநாள் தவறினாலே நாக்கு வறண்டு சொம்பு சொம்பாகத் தண்ணீர் குடிப்பார். அதற்கு மேல் விட்டால் நினைவு தப்பிவிடும் என்று ஊர் டாக்டர் எச்சரித்திருந்தார்.

அன்று அவருக்கு ஊசி போட்டு முடித்து, ஈரக் கையோடு மருந்துக் குப்பியை எடுத்தேன். வழுக்கிவிட்டது. சிமென்ட் தரையில் விழுந்து சுக்குநூறானது. பிரித்து இரண்டே நாளான புதுக் குப்பி.

"போனாப் போகுது, வேற வாங்கிக்கலாம்" என்று சொல்லிவிட்டு அவர் வேலைக்குக் கிளம்பிவிட்டார். நான் உடைந்த குப்பியின் லேபிளைப் பொறுக்கி எடுத்துக்கொண்டு பஜாருக்கு ஓடினேன்.

பஜாரில் நாங்கள் மருந்து வாங்கும் கடையின் கம்பவுண்டர் பாலக்காட்டுப் பக்கத்து ராவுத்தர். தமிழ் பேசுவார். அவரைப் பார்த்ததும் பாதி தைரியம் வந்தது. அவரோ கையை விரித்தார். "ஸ்டாக் தீந்து போச்சு தங்கச்சி. மழையில ரயில் பாதை அடைஞ்சு கெடக்கு. பார்சல் வந்தாத்தான் உண்டு."

படகேறி எறணாகுளம் போனேன். மூன்று கடைகளில், உடைந்த குப்பியின் லேபிளை நீட்டிக் கேட்டேன். மூன்றிலும் தலையை ஆட்டினார்கள். ஆஸ்பத்திரியில் படுத்திருப்பவர்களுக்கே அளந்துதான் கொடுக்கிறார்கள் என்றார் ஒருவர். நனைந்த புடவையோடு திரும்பி வந்து அதே கம்பவுண்டர் முன்னால் நின்றேன். அழுகை வந்துவிட்டது.

அவர் வாசல் பக்கம் ஒருமுறை எட்டிப் பார்த்தார். பிறகு குரலைத் தாழ்த்தி, "இதே மருந்து வாங்குற வீடு இங்க ஒண்ணு உண்டு தங்கச்சி. குஜராத்தி சேட்டு வீடு. கடைக்காரன் இதைச் சொல்லப்படாது. ஆனா உன்னை இப்படியே திருப்பி அனுப்ப மனசு வரல்ல" என்று வழி சொன்னார்.

பெரிய இரட்டைக் கதவு. தட்டியதும் முப்பத்தைந்து வயது மதிக்கத்தக்க ஓர் அம்மாள் திறந்தார். எனக்குக் குஜராத்தி தெரியாது, அவருக்குத் தமிழ் தெரியாது. லேபிளைக் காட்டினேன். "ஆர்க்கா?" என்று, யாருக்கு என்பதை அரைகுறை மலையாளத்தில் கேட்டார். பதிலுக்கு என் தாலியைத் தொட்டுக் காட்டினேன்.

அவர் முகம் மாறியது. உள்ளே போய், ஈர மணல் நிரப்பிய சின்ன மண்சட்டி ஒன்றைக் கொண்டுவந்தார். மணலுக்குள் குளிர்ச்சியாக நின்றது அந்தக் குப்பி. எத்தனை அளவு வேண்டும் என்று கேட்டார். விரல்களை விரித்து முப்பது என்று காட்டினேன். தினமும் காலையில் ஊசியோடு வந்து ஏற்றிக்கொண்டு போகும்படி சைகையில் சொன்னார்.

மறுநாளிலிருந்து நான்கு காலை போனேன். உண்மையைச் சொல்கிறேன், அப்போது எனக்கு நன்றியோடு ஒரு சின்னக் குறையும் இருந்தது. இவ்வளவு பெரிய வீடு, யாரோ வயதான மாமனாருக்காக டஜன் கணக்கில் வாங்கி வைத்திருப்பார்கள், ஒரு குப்பியை அப்படியே கொடுத்தால்தான் என்ன என்று நினைத்தேன்.

ஐந்தாம் நாள் சற்று முன்னதாகவே போய்விட்டேன். கதவு திறந்திருந்தது. உள்ளே பாயில் உட்கார்ந்து அந்த அம்மாளே தன் தொடையில் ஊசி போட்டுக்கொண்டிருந்தார். நோயாளி அவர்தான்! ஊசியில் இருந்த மருந்து பத்துக் கோடுகூட இல்லை. உதடு வெடித்திருந்தது. கண்கள் உள்ளே போயிருந்தன. பக்கத்தில் சாப்பாடு என்று இருந்தது ஒரு டம்ளர் மோர்தான். நான் தினமும் முப்பது முப்பதாக ஏற்றிக்கொண்டு போன அதே குப்பி சட்டியில் நின்றது. அடியில் ஒரு விரல்கடை மருந்துதான் மிச்சம்.

வேறு குப்பியே அந்த வீட்டில் இல்லை. இருந்த ஒன்றைத்தான் முன்பின் தெரியாத எனக்குத் திறந்து வைத்திருந்தார்.

"வேண்டாம் சேச்சி, எனக்கு வேண்டாம்" என்று பின்வாங்கினேன். அவர் எழுந்து வந்து என் கையிலிருந்த ஊசியை வாங்கினார். அவரே முப்பது அளவு ஏற்றி என் உள்ளங்கையில் வைத்து விரல்களை மூடினார்.

"தீர்ந்நா ரண்டாள்க்கும் தீரட்டே, பென்."

தீர்ந்தால் இருவருக்கும் சேர்ந்தே தீரட்டும் என்றார். பென் என்றால் அவர்கள் மொழியில் சகோதரி. அவரை நிமிர்ந்து பார்க்க முடியாமல் காலில் விழப் போனேன். தடுத்துவிட்டார்.

வீட்டில் சொன்னபோது கணவர் ஊசியை வாங்கி முப்பதாம் கோட்டை விரலால் தொட்டுப் பார்த்தார். பிறகு, "நாளைலேர்ந்து எனக்கும் பத்தே போதும். சோத்தையும் குறைச்சுக்கறேன்" என்றார். அடுத்த இரண்டு நாள் இரண்டு வீட்டிலும் இரண்டு பேர் அரை வயிற்றோடு கிடந்தார்கள்.

அதற்கடுத்த நாள் மத்தியானம் கம்பவுண்டர் குடையைக்கூட மடக்காமல் எங்கள் வாசலுக்கு ஓடிவந்தார். "பார்சல் வந்நாச்சு தங்கச்சி!" அவர் கையில் இரண்டு குப்பிகள். ஒன்றைக் கணவரிடம் கொடுத்துவிட்டு, மற்றதை எடுத்துக்கொண்டு நான் குஜராத்தித் தெருவுக்கு ஓடினேன். படுத்திருந்த அந்த அம்மாள் குப்பியை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டுச் சிரித்தார். அவர் சிரித்து நான் பார்த்தது அன்றுதான் முதல்முறை. அவர் ஊசி போட்டுக்கொண்டு சாப்பிட உட்காரும்வரை அங்கேயே இருந்தேன். எனக்கும் ஒரு தட்டு வைத்தார்.

பிறகு கோயம்புத்தூருக்கு மாற்றலாகி வந்துவிட்டோம். என் கணவர் அதற்கப்புறம் இருபது வருடங்களுக்கு மேல் இருந்து, பிள்ளைகளின் கல்யாணத்தையும் பார்த்துவிட்டுத்தான் போனார். அந்தக் கதவைத் தட்டியது அந்த அம்மாளாகவும், திறந்தது நானாகவும் இருந்திருந்தால் என்ன செய்திருப்பேன் என்று எத்தனையோ முறை என்னையே கேட்டுப் பார்த்துவிட்டேன். இன்றுவரை என்னால் நெஞ்சைத் தொட்டுப் பதில் சொல்ல முடியவில்லை.