டிஷ் திருப்பிய சனிக்கிழமை

அப்பாவுக்கு அந்தக் கிழமை திருத்தல் பைத்தியம் பிடித்திருந்தது. திங்கட்கிழமை வாசல் படலைக்குப் புதுப் பிணைச்சல் பூட்டினார். செவ்வாய்க்கிழமை கிணற்று மோட்டரைக் கழற்றி விரித்துவைத்து, பொழுதுபடுவதற்குள் திரும்பப் பூட்டினார். புதன்கிழமை அம்மாவின் சைக்கிளுக்கு இரண்டு பிறேக்கும் மாற்றினார். அடுத்த நாள் கூரையில் ஏறி, மூன்று மாரி மழைக்கும் ஒழுகிய இடத்துக்கு ஓடு மாற்றினார். வெங்காயத் தோட்டத்தில் ஒரு புல் நின்றால் பொறுக்காத மனிதர்தான். ஆனால் வீட்டுக் கதவு கழன்று விழுந்தாலும் 'நாளைக்குப் பாப்பம்' என்று அதைச் சுவரில் சாத்திவைத்துவிட்டுப் போகிறவர். இப்போது ஒரு இடத்தில் ஐந்து நிமிடம் இருக்கிறாரில்லை. சாப்பிட உட்கார்ந்தாலும் கண் யன்னல் கொளுக்கியில் நிற்கும்.

அம்மாவும் சரியாக இல்லை. அந்தக் கிழமை முழுக்கக் கறியில் உப்புக் கூடியிருந்தது. மற்ற நாளென்றால் அப்பா பீங்கானைத் தள்ளிவைத்து ஒரு பாட்டம் கதைத்திருப்பார். அந்தக் கிழமை ஒன்றும் சொல்லாமல் சாப்பிட்டுவிட்டுக் கை கழுவினார். எனக்குப் பத்து வயது. வீட்டில் எல்லாம் புதிதாக மின்னுகிறது, சண்டையும் இல்லை. இதைவிட நல்ல கிழமை எது என்று நினைத்துக்கொண்டேன்.

வெள்ளிக்கிழமை பின்னேரம் சுன்னாகத்திலிருந்து வந்த அப்பாவின் மோட்டார் சைக்கிளின் பின்னால் சுளகு அளவில் ஒரு டிஷ் கட்டியிருந்தது. கூடவே டிஷ்ஷுக்கும் ரீவிக்கும் நடுவில் பூட்டுகிற ஒரு புதுப் பெட்டி, ஒரு சுருள் கேபிள். எங்கள் பழைய டிஷ் சிறியது. வானம் கறுத்தால் போதும், படம் கட்டம் கட்டமாக உடைந்து, நாடகத்தில் அழுகிற பெண்ணின் வாய் ஒரு பக்கமும் கண் ஒரு பக்கமுமாகப் போய்விடும். கொழும்பிலிருந்து பெரியம்மா அனுப்பிய தட்டை ரீவி வந்து ஒரு வருடமாகியும், பழைய பெட்டியின் மங்கல் படத்தைத்தான் அது காட்டிக்கொண்டிருந்தது. இனி எச்.டி. என்றார் அப்பா.

"டிஷ் பூட்டுற பொடியனைக் கூப்பிடேல்லையோ?" என்று கேட்டேன்.

"அவன் வாற நேரம்தான் நேரம். ஒவ்வொருக்காலும் ஆரையும் பாத்துக்கொண்டு நிக்கேலாது. நாங்களே செய்வம்."

நாங்கள் என்றது தன்னையும் என்னையும் என்று எடுத்துக்கொண்டேன். அந்தச் சந்தோசத்தில் ஒரு மடத்தனமும் செய்தேன். சனிக்கிழமை மாலை ஆறு மணிக்குச் சிறுவர் பாட்டுப் போட்டியின் இறுதிச் சுற்று. அன்று காலையே ஒழுங்கை முழுக்க ஓடி, மூன்று வகுப்புத் தோழிகளை எங்கள் வீட்டுக்கு வரச்சொல்லிவிட்டேன். பாடுகிற பிள்ளையின் தோட்டில் எத்தனை கல்லென்று எண்ணலாம் என்றும் சொல்லிவைத்தேன். இனி ஆறு மணிக்குப் படம் வராவிட்டால் திங்கட்கிழமை பள்ளிக்கூடத்தில் நான் தலைகாட்ட முடியாது.

டிஷ் இருந்த இடம் கிணற்றடியில், வெளிக் குளியலறையின் கொங்கிறீட் கூரைத்தட்டு. முற்றத்தில் எங்கே வைத்தாலும் தென்னோலை மறைக்கும். அப்பா காலையிலேயே பழையதைக் கழற்றி இறக்கிவிட்டுப் புதியதை அதே இரும்புக் குழாயில் ஏற்றினார். கேபிள் முனையில் இணைப்பு மூடி பூட்டும் வேலையில் மட்டும் அவர் தோற்றுப்போனார். வெளித்தோலை உரித்து, உள்ளே இருக்கிற மெல்லிய கம்பி நார்களை ஒன்றும் நடுக்கம்பியில் படாமல் பின்னுக்கு மடிக்க வேண்டும். ஒரு நார் பட்டாலும் படம் வராது. அப்பாவின் தோட்டக்காரக் கைக்கு அது அடங்கவில்லை. இரண்டு முனையை வெட்டி எறிந்தார். குசினியிலிருந்து வந்த அம்மா, கத்தியை வாங்கி, பூ தொடுக்கிற பதத்தில் ஐந்து நிமிடத்தில் இரண்டு பக்கமும் முடித்துக் கொடுத்தாள். அப்பா அவளுடைய கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

என்னை ரீவிக்கு முன்னால் கதிரை போட்டு இருத்தினார்கள். திரையில் டிஷ்ஷுக்கு அலை பிடிபடுவதைக் காட்டும் இரண்டு கோடு. "மேல் கோட்டை நம்பாதை பிள்ளை," என்றார் அப்பா. "அது எங்கை திருப்பினாலும் நிறைஞ்சுதான் நிக்கும். கீழ்க்கோடுதான் நாணயமானது. அது பச்சையாகினால் பெட்டி சத்தம் போடும். எத்தினை எண்டு பாத்துச் சொல்லு." பெட்டி போடும் 'ட்டீ' என்ற ஓசை தனக்கு மேலே கேட்கவேண்டும் என்று ரீவியின் சத்தத்தை முழுதாகக் கூட்டிவிட்டுப் போனார்.

எண்ணைக் கொண்டுபோகிற வேலை தம்பிக்கு. அவனுக்கு ஐந்து வயது. குசினி வாசற்படியில் நின்று, நான் சொல்வதைக் கிணற்றடிக்குக் கத்தவேண்டும். அவனுக்குக் கத்துவதில் இருந்த ஆசை, கத்தும் விஷயத்தில் இருக்கவில்லை. இருபதுக்கு மேல் எண்ணவும் தெரியாது. கடைசியில் எண்ணை நானே ஓடிப்போய்ச் சொல்வது, அவன் 'வந்திட்டுது', 'போட்டுது' என்ற இரண்டை மட்டும் கத்துவது என்று ஒழுங்கு பண்ணினேன். அதிலும் காகம் வந்திருந்தால்கூட 'வந்திட்டுது' என்றான்.

ஆனாலும் பதினொரு மணிக்குள் கீழ்க்கோடு பச்சையாகி எண்பதைத் தாண்டியது. பெட்டியிலிருந்து படம் வந்தது. செய்தி வாசிக்கிற பெண்ணின் நாடியில் ஒரு பரு இருப்பதைக் கண்டு நானும் தம்பியும் துள்ளினோம். என் மானம் தப்பிவிட்டது.

மத்தியானச் சாப்பாடு முடிந்ததும் அப்பா திரும்ப ஏணியில் ஏறினார். இறுக்கத்தான் போகிறார் என்று நினைத்தேன். நட்டுகளை ஒவ்வொன்றாக இளக்கினார். பிறகு டிஷ்ஷின் விளிம்பைப் பிடித்து, அதை ஒரே இழுவையில் பலாமரத்துப் பக்கம் திருப்பிவிட்டார். உள்ளே படம் அறுந்துபோன சத்தம் கேட்டது.

இறங்கிவந்து ஸ்பனரை அம்மாவிடம் நீட்டினார். "இப்ப நீர் ஏறித் திருப்பும்."

"எனக்கேன் உது? நீங்கள் இருக்கிறியள்தானே."

அப்பா ஸ்பனரை நீட்டியபடியே நின்றார். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. நன்றாக வந்த படத்தைக் கெடுத்துவிட்டு, ஏணி ஏறவே பயப்படுகிற அம்மாவைக் கொண்டு தேடச் சொல்வதில் என்ன விளையாட்டு என்று விளங்கவில்லை. "ஆறு மணிக்குப் பிள்ளையள் வரப்போகினம்," என்று கத்தினேன். ஒருவரும் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை.

அம்மா ஏறினாள். அப்பா ஏணியடியில் நின்று, டிஷ்ஷை எந்தப் பக்கம், எவ்வளவு மெதுவாகத் திருப்பவேண்டும், எப்போது நிறுத்தவேண்டும் என்று சொல்லிக்கொண்டிருந்தார். நான் கதிரைக்கு ஓடினேன். கொஞ்ச நேரத்தில் பெட்டி 'ட்டீ' என்றது. கீழ்க்கோடு பச்சை. "வந்திட்டுது" என்றேன். "வந்திட்டுது" என்றான் தம்பி. கோடு அடுத்த கணமே சிவந்து சுருங்கிவிட்டது. அம்மா நிறுத்தாமல் திருப்பிக்கொண்டே போயிருந்தாள்.

ஓடிப்போய்ப் பார்த்தேன். "எனக்குக் கேக்கேல்லை," என்றாள் மேலே நின்று.

இரண்டாம் தரமும் அப்படியே. 'ட்டீ', பச்சை, 'வந்திட்டுது', சிவப்பு. இதற்குள் தம்பி நாயைப் பார்த்து ஒரு தரம், சும்மா ஒரு தரம் என்று இரண்டு பொய்ச் சத்தம் வைத்திருந்தான். இவன் சொல்வதை யார் நம்புவார்கள்? வந்த கோபத்தில் அவன் தலையில் நன்றாக ஒரு குட்டு வைத்தேன். அவன் வாயைப் பிளந்து அழுதுகொண்டே அதற்கும் "வந்திட்டுது" என்றான். அவனைத் துரத்திவிட்டு நானே வாசற்படிக்கும் கதிரைக்குமாக ஓடினேன். அதற்கும் அம்மா கண்ணுக்குள் வெய்யில் அடிக்கிறது என்றாள், நட்டு இறுகிவிட்டது என்றாள். மணி ஐந்து.

அப்பா ஏணியடியை விட்டு உள்ளே வந்தார். என் கதிரைக்குப் பக்கத்தில் நிலத்தில் சப்பாணி கட்டி இருந்து, கோடுகளைப் பார்த்தார். அந்தக் கிழமையில் அவர் அசையாமல் இருந்ததை நான் கண்டது அப்போதுதான். கீழ்க்கோடு மெல்ல நீண்டது, பச்சையானது, 'ட்டீ' என்று வீடு அதிர்ந்தது. எண்பத்திநாலு. காலையில் அப்பாவே எடுக்காத இலக்கம்.

"அப்பா, சொல்லுங்கோ."

அவர் என்னையும் கத்தவேண்டாம் என்று கையைக் காட்டினார். பச்சைக் கோடு அப்படியே நின்றது, ஒன்று இரண்டு மூன்று என்று பத்துவரை நான் எண்ணியிருப்பேன். பிறகு சிவந்து சுருங்கியது. அப்பா எழுந்து கிணற்றடிக்குப் போனார்.

நானும் பின்னால் போனேன். அவரும் தட்டுக்கு ஏறிவிட்டார். டிஷ்ஷுக்கு அந்தப் பக்கம் அம்மா, இந்தப் பக்கம் அப்பா. ஒருவரும் டிஷ்ஷைத் தொடவில்லை.

"உமக்குத் தெரிஞ்சால்தான் எனக்கு நிம்மதி," என்றார் அப்பா.

"அதுக்குத்தான் எனக்குத் தெரியவேண்டாம்," என்றாள் அம்மா.

என் தோழிகள் படலையைத் தள்ளிக்கொண்டு வந்துவிட்டார்கள். இந்த நேரத்திலா இந்த வாக்குவாதம்? நான் கீழே நின்று நேரம் போகுது, நேரம் போகுது என்று கால் மாற்றி மாற்றிக் குதித்தேன். கடைசியில் அப்பாதான் திருப்பி, இறுக்கி, இறங்கினார். படம் வரும்போது ஆறேகால். முதல் பாட்டு முடிந்து, நடுவர் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். தோடு போட்ட பிள்ளை போயே போய்விட்டாள்.

அவமானத்தில் எனக்கு அழுகை வந்தது. தோழிகளுக்குத் தேநீர் கொண்டுவந்த அம்மாவைப் பார்த்து, அவர்களுக்கும் கேட்கும்படியாக, "அம்மா, உங்களுக்கு ஒண்டும் தெரியாது," என்றேன். அப்படி அதற்கு முன் நான் கதைத்ததில்லை. அடிதான் விழும் என்று தோளைச் சுருக்கினேன்.

"ஓம் பிள்ளை, எனக்கு ஒண்டும் தெரியாது," என்றாள் அம்மா. தட்டத்தை என் முன்னால் வைத்துவிட்டுப் போனாள்.

செவ்வாய்க்கிழமை அப்பா கொழும்பில் ஒரு அலுவல் என்று புறப்பட்டார். சிறிய பைதான். நான் கலர் பேனைப் பெட்டி ஒன்று வாங்கிவரச் சொன்னேன். ஓம் என்றார். புத்தூர்ச் சந்திவரை நடந்தே போகிறேன் என்றவர், படலையைத் திறந்து மூடி, திறந்து மூடி, புதுப் பிணைச்சல் சரியாக வேலை செய்கிறதா என்று பார்த்தார். இருபத்தைந்து நாள் கழித்து, பெயர் வாயில் நுழையாத ஒரு தீவிலிருந்து தொலைபேசி எடுத்தார். வெளிநாட்டுக்குப் படகில் போனார் என்பதும், அந்தக் கிழமை முழுக்க அம்மாவுக்கு அது தெரிந்திருந்தது என்பதும் எங்களுக்கு அன்றைக்குத்தான் சொல்லப்பட்டது. அந்த நாட்டிலிருந்து இங்கே வந்து திரும்பிப் போவதற்குரிய கடதாசி அவருக்கு இன்றுவரை கிடைக்கவில்லை. பேனைப் பெட்டி பிறகு ஒரு பொதியில் வந்தது. நான் கலர் பேனை பாவிக்கும் வயது அப்போது போய்விட்டது.

அந்தக் கார்த்திகையில் ஒரு காற்று அடித்தது. விடிந்து பார்த்தால் இரண்டு தென்னோலை விழுந்து கிடந்தது, டிஷ் அரைவாசி திரும்பி நின்றது. ரீவியில் ஒன்றுமில்லை. பொடியனைக் கூப்பிடுவமோ என்று அம்மாவைக் கேட்டேன். அவள் அலுமாரி லாச்சியைத் திறந்து ஸ்பனரை எடுத்தாள்.

"அந்தக் கோடு வாற பக்கத்தைப் போட்டு, சத்தத்தைக் கூட்டிவிட்டிட்டு வெளியிலை வா. வந்து ஏணியைப் பிடி."

"அப்ப எத்தினை எண்டு ஆர் சொல்லுறது?"

"ஒருத்தரும் சொல்லத் தேவையில்லை."

நான் ஏணியைப் பிடித்துக்கொண்டு அண்ணாந்து நின்றேன். அம்மா கையால் விளிம்பைப் பிடித்து, உப்புப் போடுவது போலக் கொஞ்சம், கொஞ்சமாகத் திருப்பினாள். உள்ளே பெட்டி 'ட்டீ' என்றது. கிணற்றடியில் அது அவ்வளவு உரத்துக் கேட்கும் என்று எனக்கு அதுவரை தெரியாது. எந்த நாளும் நான் ரீவிக்கு முன்னால் அல்லவா இருந்தேன். அடுத்த ஒழுங்கைக்கே கேட்டிருக்கும். அம்மாவின் கை அந்தக் கணமே நின்றது. மூலைக்கு மூலை மாற்றி மாற்றி, அப்பா செய்கிற மாதிரியே நட்டுகளை இறுக்கினாள். உலையில் போட்டுவிட்டு வந்த அரிசி பொங்குவதற்குள் இறங்கிவிட்டாள்.

"எப்ப அம்மா பழகினீங்கள்?"

"அண்டைக்கு."

"அப்ப ஏன் அண்டைக்கு..." என்று தொடங்கினேன். அவள் ஸ்பனரைச் சீலைத் தலைப்பில் துடைத்துக்கொண்டு, உலை பொங்கப்போகுது என்று குசினிக்குள் போய்விட்டாள்.

நான் கிணற்றடியில் நின்று யோசித்துப் பார்த்தேன். அந்த வயதில் எனக்கு எட்டியது ஒன்றே ஒன்றுதான்: தம்பியின் மேல் பிழை இருக்கவில்லை, பச்சை வந்தபோதெல்லாம் அவன் சரியாகத்தான் கத்தியிருக்கிறான், அந்தக் குட்டு அநியாயம்.