நாலாம் இலக்கச் சுற்றறிக்கையும் ஒன்பது மிளகாய்க் கன்றுகளும்

கையெழுத்துப் போட ஒன்றுமில்லாமல் போவதுதான் ஓய்வு பெற்ற அரச உத்தியோகத்தனுக்கு வருகிற முதல் வியாதி. சீனி, பிரஷர் எல்லாம் அதற்குப் பின்னால் வரிசையில் நிற்கின்றன. எனக்கு அந்த முதல் வியாதி மூன்று மாதம்கூட நீடிக்கவில்லை. வெள்ளவத்தையில் எங்கள் தொடர்மாடிக்குப் பின்னால் வாய்க்கால் ஓரமாகக் கிடந்த வெற்றுக் காணியைப் பாத்திகளாகப் பிரித்து, அயலில் இருப்பவர்கள் தோட்டம் செய்யலாம் என்றார்கள். கடையில் மரக்கறி விலையைப் பார்த்துவிட்டு மட்டும் வீடு திரும்புகிற காலம் அது. பதினெட்டுப் பாத்தி, ஒரு தண்ணீர்க் குழாய், ஒரு குழு. குழுவுக்குச் செயலாளர் வேண்டும் என்றதும் எல்லோரும் குனிந்து தங்கள் செருப்பைப் பார்த்தார்கள். நான் நிமிர்ந்து இருந்துவிட்டேன்.

வீட்டுக்கு வந்து சொன்னபோது மனைவி வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள்.

"பென்சன் எடுத்தும் கந்தோர் உங்களை விடேல்லை," என்றாள். "தோட்டம் செய்யப் போறன் எண்டு போனியள். ஃபைலோட வந்து நிக்கிறியள்."

"ரெண்டும் செய்யலாம்."

"மண்வெட்டியில எந்தப் பக்கத்தைப் பிடிக்கிறது எண்டாவது தெரியுமோ?"

அப்போது தெரியாது. இரண்டு கிழமையில் கற்றுக்கொண்டேன். கொப்புளங்கள் நல்ல ஆசிரியர்கள்.

எனக்குக் கிடைத்தது ஏழாம் இலக்கப் பாத்தி. அதில் மிளகாய் போடுவது என்று தீர்மானித்தேன். விதைக்காக எங்கும் போகவில்லை. மனைவியின் தங்கை கிளிநொச்சியிலிருந்து கொண்டுவந்து தந்த செத்தல் மிளகாய் குசினியில் ஒரு போத்தல் நிறைய இருந்தது. அதில் ஐந்தாறை எடுத்து உடைத்து விதையைக் கொட்டிக்கொண்டேன். முன் அனுமதி பெறாமல் என் வாழ்நாளில் நான் செய்த முதற் காரியம் அதுதான். தும்மல் என்னைக் காட்டிக்கொடுத்தது.

தயிர்ச் சட்டிகளில் முளைக்க வைத்த கன்றுகளில் பதினான்கைப் பாத்திக்கு மாற்றினேன். வாய்க்காலிலிருந்து ஏறி வருகிற கபரகொய்யா, அதாவது உடும்பின் பெரியண்ணன், இரண்டின் மேல் படுத்து வெயில் காய்ந்தது. மிச்சம் பன்னிரண்டு. கடற்காற்றின் உப்பையும் பின்னேரத்தில் மாடிகளின் நிழலையும் பொறுத்துக்கொண்டு அவை காய்த்தன. விரல் நீளம், பென்சில் தடிப்பு. பச்சையாக ஒன்றை ரொட்டியோடு கடித்த மனைவி கண்ணைத் துடைத்துவிட்டு, "பரவாயில்லை," என்றாள். எங்கள் வீட்டில் அது தேசிய விருதுக்குச் சமம்.

பக்கத்து எட்டாம் இலக்கப் பாத்தி, ஓய்வு பெற்ற மனையியல் டீச்சர் ஒருவருக்கு உரியது. அடுத்த ஒழுங்கையில் இருக்கிற முஸ்லிம் பெண்மணி. அவர் போட்டது கறிமிளகாய். சதைப்பிடிப்பானது, காரமில்லாதது. வயிற்றைக் கீறி மீனும் உருளைக்கிழங்கும் அடைத்து, முட்டையில் தோய்த்து, பாண் தூளில் புரட்டிப் பொரிப்பார். எங்கள் இரண்டு பாத்திகளுக்கும் நடுவில் ஒரு செங்கல் இருந்தது. காய் கொடுப்பதென்றால் அதன் மேல்தான் வைப்பார்.

"கொச்சிக்காய கையில குடுத்தா சண்ட வரும் சேர்," என்றார். அவர் பேச்சில் மிளகாய்க்குப் பெயர் கொச்சிக்காய்.

"படிப்பிச்ச நீங்களே இப்படிக் கதைக்கலாமா?" என்று சொல்லி, என்னுடைய காய்களில் ஒரு பிடியை அவர் கையிலேயே கொடுத்தேன். பகுத்தறிவை நிலைநாட்டிய திருப்தியோடு வீட்டுக்குப் போனேன்.

அந்தப் போகம் முடிகிற நேரத்தில்தான் நாலாம் இலக்கச் சுற்றறிக்கையை எழுதினேன். முதல் மூன்றும் குழாயை மூடுவது பற்றியவை. நாலாவது விதை சேமிப்பு. ஒவ்வொரு கன்றிலும் இரண்டு காயையாவது பழுக்க விட்டு, விதை எடுத்து, நிழலில் உலர்த்தி, அடுத்த போகத்துக்குப் பயன்படுத்த வேண்டும் என்பது அதன் மூன்றாம் பந்தி. பிரதி எடுத்து எல்லோருக்கும் கொடுத்தேன். ஒன்பதாம் பாத்திக்காரர் என் கண் முன்னாலேயே அதில் வல்லாரையைச் சுற்றி எடுத்துப் போனார். நான் கோபப்படவில்லை. சுற்றறிக்கைகளின் விதியை அறிந்தவன் நான்.

அடுத்த போகத்தில் ஒரு காலை டீச்சர் கையில் கடித உறையோடு வந்தார். செங்கல்லுக்கு அந்தப் பக்கமே நின்றார்.

"சேர், இது தலைவருக்கு ஒரு முறைப்பாடு. ஒங்களுக்கு எதிரா. ஆனா ஒங்க ஊடாகத்தானே குடுக்கணும்?"

"ஓம், அதுதான் முறை. ரெண்டு பிரதி வேணும்."

"மூணு ஈக்கிது."

எனக்கு எதிரான கடிதத்தை வாங்கியபோதும் அவர் மேல் எனக்கு மரியாதை கூடியது.

விஷயம் இது. அவருடைய மகளுக்குப் புதிதாகக் கலியாணம் முடிந்திருந்தது. மகளின் மாமியார் முதற்தடவையாக விருந்துக்கு வந்திருக்கிறார்.

"நானே நட்ட கறிமொளகாய்," என்று டீச்சர் சொன்னார். "நானே அடச்சேன், நானே பொரிச்சேன். ஒம்பது பேர் இருந்து சாப்பிட்டாங்க. எட்டுப் பேரும் நல்லா ஈக்கிது, நல்லா ஈக்கிது எண்டாங்க. மகள்ட மாமிக்கு மட்டும் கண்ணு, மூக்கு, காது எல்லாத்தாலயும் பொக வந்துது. ஒரு கூசா தண்ணி குடிச்சாங்க."

"அவவுக்குக் காரம் பழக்கமில்லையோ?"

"பழக்கமில்லாமலா? அவங்க ஊட்டுச் சம்பல திண்டு பாருங்க. போறப்ப வாசல்ல நிண்டு என்ன செல்லிட்டுப் போனாங்க தெரியுமா? 'எனக்கெண்டே ஒண்ட எடுத்து வச்சீங்க போல' எண்டாங்க. அண்டைலருந்து ஃபோன் கோல் எடுக்கிறல்ல. மகள் ரெண்டு பக்கத்துக்கும் நடுவுல நிண்டு அழுவுறா."

கடிதத்தின் முடிவு தெளிவாக இருந்தது. ஏழாம் பாத்தியின் காரத்தைத் தேனீக்கள் எட்டாம் பாத்திக்குக் கொண்டுவருகின்றன. ஆகவே ஏழாம் பாத்தியிலுள்ள பன்னிரண்டு மிளகாய்க் கன்றுகளையும் பிடுங்க உத்தரவிட வேண்டும்.

அந்தப் பன்னிரண்டும் அப்போது இரண்டாம் முறையாகப் பழுத்துச் சிவந்து நின்றன. நானும் சிவந்தேன். உடனே விசாரணைக்குத் திகதி குறித்தேன். எதிராளியே செயலாளராக இருந்து குறிப்பெடுக்கலாமா என்று ஒரு கேள்வி இருந்தது. வேறு யாரும் எழுத முன்வராததால் என் வழக்கின் குறிப்பை நானே எழுதுவதாயிற்று.

"கள்ளனே பொலிஸ் புத்தகத்தை எழுதுறான்," என்றாள் மனைவி.

"அதெல்லாம் நடுநிலையாத்தான் எழுதுவன்."

"எழுதுங்கோ. மிளகாய் போச்செண்டா தங்கச்சியிட்ட இன்னொரு போத்தல் கேக்க மாட்டன், சொல்லிப்போட்டன்."

சனிக்கிழமை காலை, குழாயடித் தகரக் கொட்டகையில் விசாரணை. குழுத் தலைவர் ஓய்வு பெற்ற பல் வைத்தியர். சிங்களவர். கொட்டாஞ்சேனையில் நீண்ட காலம் கிளினிக் வைத்திருந்ததால் தமிழ் நன்றாகக் கதைப்பார். ஆனால் அந்தத் தமிழ் முழுவதும் பல் பிடுங்கும் கதிரையருகே கற்றது.

"ஹரி, டீச்சர், இப்ப வாய் திறங்க," என்று, 'சரி'யைச் சிங்களத்திலும் மிச்சத்தைத் தமிழிலுமாகச் சொல்லி விசாரணையைத் தொடங்கி வைத்தார்.

டீச்சர் சொன்னதை ஒரு எழுத்துப் பிசகாமல் எழுதிக்கொண்டேன். பிறகு என் முறை வந்தது. விவசாயக் கந்தோரிலிருந்து எடுத்து வைத்திருந்த துண்டுப்பிரசுரத்தை விரித்தேன். பக்கத்துச் செடியின் மகரந்தம் விழுந்தாலும் அந்தக் காயின் சதை மாறாது, உள்ளே இருக்கும் விதை மட்டுமே மாறும் என்று வாசித்துக் காட்டினேன்.

"அப்ப வலி வேற பல்லுல," என்றார் தலைவர்.

"அதேதான். விதைதான் பிழை. டீச்சர், இந்த விதையை எந்தக் கடையில வாங்கினீங்கள்? பில் இருக்கோ?"

"கடையில வாங்கல்ல சேர். போன போகத்துக் காய்லருந்து எடுத்தேன்."

"அப்பிடிச் செய்யச் சொல்லி உங்களுக்கு ஆர் சொன்னது?" என்று கேட்டேன். யாரோ ஒரு விஷயம் தெரியாத ஆளின் பெயர் வரப்போகிறது என்று பேனாவைத் தயாராகப் பிடித்துக்கொண்டேன்.

டீச்சர் கைப்பையைத் திறந்து ஒரு பிளாஸ்டிக் உறையை வெளியே எடுத்தார். உள்ளே நாலாம் இலக்கச் சுற்றறிக்கை. மடிப்புக் கலையாமல் இருந்தது. மூன்றாம் பந்தியில் சிவப்பு மையால் அடிக்கோடு. 'பழுக்க விட்டு' என்ற இடத்தில் ஒரு சரி. 'நிழலில் உலர்த்தி' என்ற இடத்தில் இன்னொரு சரி.

"ஒங்கட கையெழுத்துத்தானே சேர்?" என்று கேட்டார்.

என்னுடையதுதான். முப்பது வருடத்துக்கு மேற்பட்ட சேவையில் நான் அனுப்பிய சுற்றறிக்கைகளை அடுக்கினால் என் உயரத்துக்கு வரும். அவற்றில் ஒன்றையாவது முதல் வரியிலிருந்து கடைசி வரிவரை வாசித்து அப்படியே நிறைவேற்றிய ஒரே மனிதப் பிறவியை அன்றுதான் நேரில் கண்டேன். அவரைத்தான் நான் சம்பந்தி முன்னால் தலைகுனிய வைத்திருந்தேன். துண்டுப்பிரசுரத்தைத் திருப்பினேன். நான் வாசிக்காமல் விட்ட பின்பக்கத்தில், காரமான இனத்துக்குப் பக்கத்தில் நட்ட காரமில்லாத இனத்திலிருந்து விதை எடுக்க வேண்டாம் என்று பெரிய எழுத்தில் இருந்தது.

குறிப்புப் புத்தகத்தில் எழுதினேன்: 'முறைப்பாடு நியாயமானது. செயலாளர் ஏற்றுக்கொள்கிறார். கன்றுகள் அகற்றப்படும்.' எழுந்துபோய் முதற் கன்றின் அடியைப் பிடித்தேன். வேர் நன்றாக ஓடியிருந்தது. ஒரு இழுப்பில் வரவில்லை.

"பொறுங்க சேர்," என்று பின்னால் டீச்சரின் குரல். "நீங்க இத பிடுங்கினா மகள்ட மாமி எனக்கு கோல் எடுப்பாங்களா?"

"இல்லைத்தான்."

"நான் வேணுமெண்டு செய்யல்ல எண்டு அவங்களுக்குத் தெரியணும். எனக்கு அதுதான் வேணும். ஒங்கட கொச்சிக்காய வச்சி நான் என்ன செய்ய?"

அந்தக் கணத்தில்தான் என் மூளை தனக்குப் பழக்கமான தண்டவாளத்துக்குத் திரும்பியது. தேனீ எல்லாப் பூவிலும் இருந்திருக்காது. ஆகவே அவருடைய ஒன்பது கன்றுகளில் சில காரமாகவும் சில சாதாரணமாகவும் இருக்க வேண்டும். வெளித்தோற்றத்தில் வித்தியாசம் தெரியாவிட்டால், தட்டில் எது யாருக்குப் போகிறது என்பது அவர் கையிலேயே இருந்திருக்க முடியாது. நிரூபித்தால் போதும். கன்றுகளுக்கு இலக்கம் போட்டேன். நான்கு நிரல்: கன்று, தோற்றம், காரம், சாட்சி. டீச்சர் வீட்டுக்கு ஓடிப்போய் ஒரு சட்டித் தயிரும் மூன்று கரண்டியும் கொண்டுவந்தார்.

ஒன்றாம், இரண்டாம் கன்றுகள் பரம சாது. மூன்றாவதை நான் கடித்தேன். அடுத்த இரண்டு நிமிடம் குறிப்பு டீச்சரின் கையெழுத்தில் இருக்கிறது. நாலும் ஐந்தும் தண்ணீரைப் போல. ஆறாவதைத் தலைவர், இவ்வளவுதானா உங்கள் காரம் என்ற முகத்தோடு, காம்பு வரைக்கும் கடித்தார்.

"வதுர! வதுர!" என்று கத்தினார். தண்ணீருக்கு மட்டும் கிளினிக் தமிழ் கைகொடுக்கவில்லை.

"தண்ணி குடிக்காதீங்க டொக்டர், கூடும்! தயிர், தயிர்! வாய் திறங்க!" என்று டீச்சர் கரண்டியோடு துரத்தினார். எத்தனையோ கொட்டாஞ்சேனை நோயாளிகளின் சார்பில் நான் அதைப் பார்த்து நின்றேன். தலைவர் ஒரு தகரத் தூணைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினார். கண்ணாடியைத் துடைத்தார். பிறகு கையை நீட்டினார்.

"இன்னொண்டு தாங்க."

முடிவில் மூன்று, ஆறு, எட்டு ஆகிய மூன்று கன்றுகள் காரம். மற்ற ஆறும் சாதாரணம். ஒன்பதின் காய்களையும் கலந்து கொட்டிவிட்டு, எது எந்தக் கன்றின் காய் என்று மூவரும் பிரிக்கப் பார்த்தோம். முடியவில்லை. அதையும் எழுதினேன்.

டீச்சர் அந்தப் பக்கத்தை முதல் வரியிலிருந்து கடைசி வரிவரை வாசித்தார். பிறகு மெல்லக் கேட்டார். "சேர், இதுல ஒரு உண்மைப் பிரதி தருவீங்களா?"

ஓய்வு பெற்ற நாளிலிருந்து யாராவது என்னிடம் அதைக் கேட்க மாட்டார்களா என்று காத்திருந்தவன் நான். அன்று பின்னேரமே கடதாசியில் சுத்தமாக எழுதி, 'உண்மைப் பிரதி என அத்தாட்சிப்படுத்துகிறேன்' என்று இறப்பர் முத்திரை குத்தினேன். தலைவர் தன் பட்டங்களையெல்லாம் போட்டுச் சாட்சிக் கையெழுத்து வைத்தார். ஒரு விருந்தில் பரிமாறிய பலகாரம் பற்றி இவ்வளவு முறையான ஆவணம் இந்த நாட்டில் வேறு இருக்காது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை, மகளின் மாமியார் அந்தப் பிரதியைக் கையில் பிடித்தபடி தோட்டத்துக்கே வந்தார். கட்டையான, கம்பீரமான பெண்மணி. பின்னால் டீச்சரும் மகளும்.

"எங்க அந்த ஆறாம் நம்பர்?" என்றார்.

காட்டினோம். ஒரு காயைப் பறித்து, சீலைத் தலைப்பில் துடைத்து, நின்ற இடத்திலேயே பாதி கடித்தார். கண் நிறைந்தது. மூக்கு சிவந்தது. டீச்சர் தயிர்ச் சட்டியை நீட்டினார்.

"தெரியாம கடிச்சா கோபம் வருது," என்றார், தயிரை ஒரு கையால் விலக்கியபடி. "தெரிஞ்சி கடிச்சா ருசியாத்தான் ஈக்கிது." மிச்சப் பாதியையும் வாயில் போட்டுக்கொண்டு டீச்சரின் தோளில் ஒரு அடி வைத்தார். "நீங்க என்னப் பத்தி என்ன நெனச்சீங்க? கோல் எடுக்க மாட்டேன் எண்டா? அண்டைக்கு நாக்குத்தான் ஓடல்ல." மகள் சிரித்துக்கொண்டே அழுதாள். மாமியார் போகும்போது ஆறாம் கன்றின் விதைக்கு முன்பதிவு செய்துவிட்டுப் போனார்.

திங்கட்கிழமை டீச்சர் முறைப்பாட்டை எழுத்தில் வாபஸ் வாங்கினார். மூன்று பிரதி. என் பன்னிரண்டு கன்றுகளும் தப்பின. அதில் ஒன்று மட்டும் நான் பிடித்து இழுத்த கோபத்தில் இரண்டு நாள் தலையைத் தொங்கப்போட்டு நின்றது.

நாலாம் இலக்கத்தை ரத்துச் செய்து, விதை சேமிப்பதையே தடை செய்கிற ஐந்தாம் இலக்கச் சுற்றறிக்கையின் நகலை டீச்சரிடம் காட்டினேன். அடுத்த நாள் அது சிவப்பு மைத் திருத்தத்தோடு திரும்பி வந்தது. தடை என்ற வரி முழுவதும் வெட்டப்பட்டிருந்தது. பதிலாக ஒரு வரி: 'விரியுமுன் பூவுக்குப் பை கட்டவும்.' மகளின் கலியாணத்தில் பேரீச்சம்பழம் போட்டுக் கொடுத்த சின்னச் சின்ன வலைப்பைகள் மிஞ்சிக் கிடந்தனவாம். இந்தப் போகத்துக்குக் கடையில் புது விதை வாங்கி நட்ட கறிமிளகாய்களிலும், தனியாகக் காப்பாற்றிய ஆறாம் கன்றிலும், ரோஸ் நிற வலைப்பைகள் பொன்னூல் முடிச்சோடு தொங்குகின்றன. எட்டாம் பாத்தி கலியாண மண்டபம் போல் இருக்கிறது. என் தேனீக்கள் அழைப்பில்லாத விருந்தாளிகளாகச் சுற்றிப் பார்த்துவிட்டுப் போகின்றன.

திருத்திய ஐந்தாம் இலக்கத்தைப் பிரதி எடுத்துக் கொடுத்தேன். ஒன்பதாம் பாத்திக்காரர் இம்முறை அதில் பொன்னாங்காணி சுற்றினார்.

டீச்சர் இப்போதும் காயைச் செங்கல்லின் மேல்தான் வைக்கிறார். நான் குனிந்து, செங்கல்லிலிருந்தே எடுத்துக்கொள்கிறேன்.